பையன் ஊசி போடுகிறான், அப்பாவுக்கும் தெரியும். கோச் என்ன செய்வது?

மாலைநேர கோச் (தெற்கு டெல்லி)
திங்கள், இரவு 10:52

இங்கே வழக்கமாக தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தட்கல் டிக்கெட்டும் மலை மந்திர் உற்சவமும்தான் பேசுவோம். இது வேறு விஷயம். விளையாட்டுத் துறையில் இருப்பவர்கள், டாக்டர்கள், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

நான் தெற்கு டெல்லியில் ஒரு மைதானத்தில் மாலையில் தடகளப் பயிற்சி கொடுக்கிறேன். அரசு வேலை கிடையாது, பிள்ளைகள் தரும் மாதக் கட்டணம்தான் வருமானம். குழுவில் ஒரு பையன், வயது 17, 400 மீட்டர் ஓடுகிறான். கோடைக்கு முன்னால் 51 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவன் இப்போது 49-ல் வருகிறான். தோளிலும் முதுகிலும் பரு. கழுத்து தடித்துவிட்டது. 300 மீட்டர் ரிப்பிட்டிஷன் முடித்து மற்ற பிள்ளைகள் புல்லில் மல்லாந்து கிடக்கும்போது இவன் மட்டும் நின்றுகொண்டே "அடுத்தது எப்போ சார்?" என்கிறான். ஸ்பைக்கை யாரோ இடம் மாற்றி வைத்ததற்கு ஒரு சின்னப் பையனின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

கேட்டேன். "வைட்டமின் சார்" என்றான். அப்பாவிடம் கேட்டேன். அவர் மறுக்கவே இல்லை. "ஜிம்மில் ஒருத்தர் அதைப் பார்த்துக்கொள்கிறார், நீங்கள் ஓட்டத்தை மட்டும் பாருங்கள்" என்றார்.

மாநில ஜூனியர் மீட்டுக்கு இந்த மாதக் கடைசிக்குள் என்ட்ரி போக வேண்டும். அனுப்பினால் பதக்கம் உறுதி, அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டுக்குப் போவார்கள். அனுப்பாவிட்டால் அப்பா வேறு கோச்சிடம் கூட்டிப் போவார், அங்கே கேள்வி கேட்கக்கூட ஆள் இருக்காது. புகார் கொடுத்தால் பள்ளி முடிக்காத பையன் ஒருவன் மாட்டுவான். நான் ஊசி வாங்கித் தரவில்லை, போட்டும் விடவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும்?

—

ரிட்டயர்டு பீட்டி மாஸ்டர் (மயூர் விஹார்)
திங்கள், இரவு 11:20

தம்பி, முதல் வேலை, என்ட்ரியிலிருந்து பெயரை எடு. மற்றதை அப்புறம் பேசலாம்.

2023 செப்டம்பரில் இதே ஊரில், ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். கழிவறையில் சிரிஞ்சுகள் கிடக்கும் வீடியோ வந்தது. கடைசி நாளில் நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள் என்றதும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒரு பையன்தான் ஓடினான். மற்ற ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ வந்துவிட்டது. ஜூனியர் ஸ்டீபிள்சேஸில் ஒரு பெண் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடினாள், அதிகாரி பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஏழு பேருக்கும் ஏழு கோச் இருந்திருப்பார்கள் இல்லையா? "இன்னைக்கு வேண்டாம், கிளம்பு" என்று யார் சொல்லியிருப்பார்கள்?

—

ஸ்டாப்வாட்ச்
செவ்வாய், காலை 7:05

கோச் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதிய அறிகுறிகள் எல்லாம் 17 வயதுப் பையனுக்கு ஊசி இல்லாமலே வரும். பரு வரும், குரல் உடையும், கோபம் வரும். பருவ வயதில் ஒரே சீசனில் இரண்டு வினாடி குறைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நன்றாக ஓடும் ஒவ்வொரு பிள்ளையையும் சந்தேகப்பட ஆரம்பித்தால் கோச்சிங்கே செய்ய முடியாது. அப்பா சொன்னது புரோட்டீன் பவுடராகக்கூட இருக்கலாமே. கையில் வேறு ஏதாவது இருக்கிறதா?

—

மாலைநேர கோச்
செவ்வாய், காலை 8:31

இருக்கிறது. எழுதத் தயங்கினேன். அவன் பை சாய்ந்து கிடந்தபோது ஒரு காலி வயல் (ஊசி மருந்துக் குப்பி) உருண்டு வந்தது, அதை எடுத்தது குழுவிலேயே சின்னவளான ஒரு பெண். என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். லேபிளில் ஸ்டானோசோலோல் என்று அச்சடித்திருக்கிறது, தசை ஏற்றும் ஸ்டீராய்டு. அவனிடம் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டான், "ஒரு கோர்ஸ்தான் சார், மீட்டுக்கு முன்னால் நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறார்" என்றான்.

—

நரேலாக்காரன்
செவ்வாய், காலை 9:48

எல்லோரும் சாமியார் மாதிரி பேசுகிறீர்கள். நான் டெல்லி ஹரியானா எல்லையில் இருக்கிறேன். இங்கே கபடி, குஸ்தி, தடகளம் எதிலும் பதினைந்து வயதுக்கு மேல் ஒன்றும் எடுக்காத பையனை விரல் விட்டு எண்ணலாம். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வரும். ரயில்வேயில், போலீஸில், ராணுவத்தில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு பதக்கத்தில் ஒரு குடும்பம் எழுந்து நிற்கும். ஐந்தாவதாக வந்த பையனின் நேர்மைக்கு யார் வேலை கொடுக்கிறார்கள்?

1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடி மாட்டினார், இதே ஸ்டானோசோலோல்தான். அவருடைய கோச் சார்லி பிரான்சிஸ் கனடாவின் விசாரணைக் கமிஷன் முன்னால் உட்கார்ந்து, ஆமாம் கொடுத்தேன் என்று சொன்னார். மேல்மட்டத்தில் மற்றவர்கள் எடுக்கும்போது என் ஆள் மட்டும் ஒரு மீட்டர் பின்னால் நின்று ஓடணுமா என்பதுதான் அவர் வாதம். அதற்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொன்னதில்லை. பணக்கார நாட்டுக்காரன் டாக்டர் வைத்து எடுக்கிறான், நம் பையன் ஜிம் ஆளை வைத்து எடுக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

—

ரிட்டயர்டு பீட்டி மாஸ்டர்
செவ்வாய், மதியம் 12:10

பதில் இருக்கிறது. பென் ஜான்சன் அப்போது 26 வயது ஆள், தனக்கு என்ன போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் கதை வேண்டுமானால் கிழக்கு ஜெர்மனியைப் பார்.

1974-ல் அந்த அரசே ரகசியத் திட்டம் போட்டது. பெயர் 14.25. ஓரல் டுரினபால் என்ற நீல நிற ஸ்டீராய்டு மாத்திரை. நீச்சல் குளத்துக்கும் டிராக்குக்கும் வந்த சின்னப் பெண்களுக்கு "இது வைட்டமின்" என்று சொல்லி கோச்சுகளே கையில் கொடுத்தார்கள். உன் பையன் சொன்னதும் அதே வைட்டமின்தான், பார். அந்தப் பெண்களுக்குக் குரல் மாறியது, முகத்தில் முடி வளர்ந்தது, பின்னால் பலருக்கும் கல்லீரல் பிரச்சினை, கர்ப்பத்தில் பிரச்சினை. 2000-ல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவர் மன்பிரெட் ஏவல்டையும் டாக்டர் மன்பிரெட் ஹோப்னரையும் உடலுக்குக் கேடு விளைவித்த குற்றத்துக்கு உடந்தை என்று தீர்ப்பளித்தது. சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண்களின் குரல் திரும்பி வரவில்லை.

"எல்லோரும் எடுக்கிறார்கள்" என்று அந்தக் கோச்சுகளும்தான் சொன்னார்கள்.

—

கிளினிக் டாக்டர்
செவ்வாய், இரவு 9:15

நான் ஹார்மோன் சிகிச்சை பார்ப்பவன். வசந்த் குஞ்ச், முனிர்கா பக்கத்து ஜிம் பையன்கள் மாதாமாதம் வருகிறார்கள். ஊசி போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. மார்பு வீங்குகிறது, வலிக்கிறது என்று வருவார்கள். கல்யாணமான ஆளாக இருந்தால் குழந்தை இல்லை என்று வருவார். விந்தணு எண்ணிக்கையைப் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

கோச் சார், உடம்புக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் எல்லோரும் தடையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் வரும்போது உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விதை சுருங்கும். ஊசியை நிறுத்தினாலும் சொந்த உற்பத்தி திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் பையன் சோர்ந்து, தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் உட்காருவான். தற்கொலை எண்ணம் வரை போனவர்கள் உண்டு. நிறுத்தச் சொல்வது சரிதான், ஆனால் நிறுத்திய பிறகு அவனைத் தனியாக விட்டுவிடக் கூடாது.

நல்ல கொழுப்பு என்கிறோமே, எச்டிஎல், அது சரிந்து கெட்ட கொழுப்பு ஏறும். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கும். ஸ்டானோசோலோல் கல்லீரலையும் படுத்தும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னொன்று, எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளும். பதினான்கு வயதில் ஆரம்பித்தவன், தான் எட்டியிருக்க வேண்டிய உயரத்தை எட்டவே மாட்டான். பெண் பிள்ளைகளுக்குக் குரல் கனத்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது.

கோச்சுகள் கவனிக்காத ஒன்று உண்டு. தசை ஏறும் வேகத்துக்குத் தசைநார் பலப்படாது. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய செயினோடு ஓட்டுகிற பைக் மாதிரி. 400 மீட்டர்காரனுக்குத் தொடைப் பின்தசை கிழியும் அபாயம் அதிகம். அப்படிக் கிழிந்தால் அன்றைக்குக் கொடுத்த பயிற்சியில் தப்பு என்று உங்கள் தலையில்தான் விழும்.

பையனை அனுப்புங்கள். நான் போலீஸ் இல்லை, நாடாவும் இல்லை. என்னிடம் சொன்னது என்னோடு இருக்கும்.

—

மருந்துக்கடை, கரோல் பாக்
செவ்வாய், இரவு 11:02

டாக்டர் சொன்னதோடு என் பங்கையும் சேர்க்கிறேன். இவை எல்லாம் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். ஆனால் பகீரத் பேலஸ் மாதிரி மொத்த வியாபாரச் சந்தை இருக்கும் ஊரில் எல்லாமே பில்லோடுதான் கைமாறுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். என் கடைக்கும் பையன்கள் துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிக்கொண்டு வருவார்கள். டாக்டர் பெயர் இருக்காது, தேதி இருக்காது. ஒரு காலத்தில் ஸ்டீராய்டு மட்டும்தான் கேட்டார்கள். இப்போது மெபென்டர்மின் கேட்கிறார்கள். அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்த பிறகு ரத்த அழுத்தம் விழுந்தால் ஏற்றுவதற்கு வைத்திருக்கும் ஊசி அது. ஓடுவதற்கு முன்னால் போட்டுக்கொண்டால் சுறுசுறுப்பு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல இதயத்தை இப்படி விரட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

லேபிளில் ஸ்டானோசோலோல் என்று போட்டிருப்பதால் உள்ளே அதுதான் இருக்கிறது என்று நம்பாதீர்கள். ஜிம் ஆட்கள் விற்பதில் போலி நிறைய. ஒரே வயலிலிருந்து நாலைந்து பேருக்கு எடுப்பதும் நடக்கிறது. ஊசி புதிதாக இருந்தாலும் வயல் பொதுவாக இருந்தால் மஞ்சள் காமாலை வைரஸ் பரவும். டாக்டர், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

—

புதுவரவு
புதன், காலை 6:40

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

—

இழைப் பொறுப்பாளர்
புதன், காலை 7:12

எந்த மருந்து உடம்பை விட்டுப் போக எத்தனை நாள் ஆகும், மீட்டுக்கு எப்போது நிறுத்தினால் மாட்டாது என்று கேட்கும் பதிவுகள் நீக்கப்படும். மறுபடி கேட்டால் கணக்கே போய்விடும். மற்றவர்கள் தொடருங்கள்.

—

ஸ்டாப்வாட்ச்
புதன், காலை 7:50

நீக்கியது சரி. ஆனால் நீக்கும் முன் நான் பார்த்துவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஜிம் ஆள் பையனிடம் "முன்னாடியே நிறுத்திவிடலாம்" என்று சொன்னது பழைய கணக்கு. ஸ்டானோசோலோல், அதே வகை ஸ்டீராய்டான நண்ட்ரோலோன் இரண்டின் தடயங்களும் மாதங்கள் கழித்தும் சிறுநீரில் அகப்படுகின்றன. நம் கோமதி மாரிமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசுத்தொகை அறிவித்தன, வாட்ஸ்அப்பில் எல்லாம் அவர் படம். பிறகு நண்ட்ரோலோன் பாசிடிவ், நான்கு ஆண்டு தடை, பதக்கமும் போனது. அந்த நான்கு ஆண்டில் எத்தனை கட்சிக்காரர் அவர் வீட்டுப் பக்கம் போனார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

இந்தியாவில் 2024-ல் எடுத்த 7,113 சாம்பிளில் 260 பாசிடிவ், 3.6 சதவீதம். 5,000 சாம்பிளுக்கு மேல் எடுத்த நாடுகளில் நாம்தான் முதலிடம். இந்தப் பட்டியலில் மட்டும்.

—

சட்டப்பிரிவு (லஜ்பத் நகர்)
புதன், மதியம் 2:25

வழக்கறிஞன். விளையாட்டு வழக்குகள் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். கோச் கேட்டது சட்டக் கேள்வியும்கூட, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உலக ஊக்கமருந்து விதித்தொகுப்புதான் நாடாவுக்கும் அடிப்படை, 2022-ல் இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமும் வந்துவிட்டது. விளையாடுகிறவனுக்கு விதி கடுமையானது. அவன் உடம்பில் இருந்தால் அவன் பொறுப்பு, யார் போட்டார்கள் என்பது பிறகுதான். ஆனால் அதே விதியில் பாதுகாக்கப்பட வேண்டியவர் என்று ஒரு பிரிவு உண்டு. 16 வயதுக்குக் கீழ் எல்லோரும் அதில் வருவார்கள். 18 ஆகாதவர்களில், நாடாவின் சோதனைப் பட்டியலில் இல்லாமல், சர்வதேசப் போட்டியில் பொதுப் பிரிவில் ஆடாதவர்களும் வருவார்கள். உங்கள் பையன் இதற்குள்தான் இருப்பான் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவன் தன் தவறு பெரிதில்லை என்று காட்ட முடிந்தால், கண்டிப்பில் ஆரம்பித்து அதிகபட்சம் இரண்டு ஆண்டு தடையோடு முடியலாம். நான்கு ஆண்டு என்று பயமுறுத்த வேண்டியதில்லை. அதற்காகத் தப்பித்துவிடுவான் என்றும் சொல்லவில்லை.

கோச்சுகள் பக்கம் வருவோம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ஆயுள் தடை. நீங்கள் கொடுக்கவில்லை. உடந்தை என்பது தனிக் குற்றம், இரண்டு ஆண்டிலிருந்து ஆயுள் வரை. உதவுவது, தூண்டுவது, மறைப்பது எல்லாம் அதில் வரும். தெரிந்திருப்பது மட்டுமே மறைப்பது ஆகாது. ஆனால் தெரிந்த பிறகு நீங்கள் செய்யும் ஒவ்வொரு காரியமும் மறைப்பதா இல்லையா என்று பார்க்கப்படும். பீட்டி சார் பெரியவர், மன்னிக்க வேண்டும். "பெயரை எடு" என்பது நல்ல யோசனை, ஆனால் காரணத்தைப் பொறுத்தது. "இவன் ஊசி போட்டிருக்கிறான், நான் அனுப்ப மாட்டேன்" என்று பெற்றோருக்கு எழுத்தில் சொல்லி எடுத்தால் ஒன்று. தொடையில் பிடிப்பு என்று பொய்க் காரணம் எழுதி, சோதனையிலிருந்து ஒளித்து வைத்தால் வேறொன்று. அந்த ஏழு பேர் செய்ததற்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை.

யாரும் சொல்லாத இரண்டு வழிகள் இருக்கின்றன. சாம்பிள் எடுக்க நோட்டீஸ் வருவதற்கு முன்னால், வேறு ஆதாரமே இல்லாத நிலையில், பையன் தானாகவே போய் ஒப்புக்கொண்டால் தடையைப் பாதி வரை குறைக்க விதி இடம் கொடுக்கிறது. யார் கொடுத்தார்கள் என்று சொல்லி அவர்மேல் நடவடிக்கை எடுக்க உதவினால் நாலில் மூன்று பங்கு வரைகூட நிறுத்திவைக்கலாம். ஆகவே புகாருக்கும் மௌனத்துக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. அதில் பையன்தான் நடக்க வேண்டும், நீங்கள் கூடப் போகலாம்.

—

ஜனக்புரி அம்மா
புதன், மாலை 4:48

என் மகள் நீளம் தாண்டுகிறாள், வயது 14. இந்த இழையை நேற்றிலிருந்து படித்துவிட்டு அவள் பையை எடுத்துக் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, இருந்தாலும் கை நடுங்கியது. முன்பு போன ஒரு இடத்தில் கோச்சே பெரிய டப்பா ஒன்றை வாங்கச் சொன்னார், அதுவும் குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும். என்ன இருக்கிறது என்று கேட்டால் "நீங்கள் படித்தவங்க, கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பீங்க" என்றார். நிறுத்திவிட்டோம். நாடாவின் நோ யுவர் மெடிசின் ஆப்பில் இருமல் மருந்தைக்கூடப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இப்போது கொடுக்கிறேன். ஆனால் அந்த டப்பாக்களை எந்த ஆப்பில் போடுவது? லேபிளில் எழுதாததை யார் கண்டுபிடிப்பது?

கோச் சார், அந்த அம்மாவுக்குத் தெரியாது என்றால் உடனே சொல்லுங்கள். அப்பா மட்டுமா பெற்றோர்?

—

நரேலாக்காரன்
புதன், மாலை 6:30

சொல்லுங்கள், சொல்லுங்கள். அந்த வீட்டில் சண்டை, பையன் படிப்பும் போச்சு ஓட்டமும் போச்சு. நல்லது செய்கிறேன் என்று ஒரு குடும்பத்தைக் கெடுங்கள்.

—

நாலாவது இடம்
புதன், இரவு 10:04

மூன்று நாளாகப் படிக்கிறேன். எல்லோரும் அந்தப் பையனைப் பற்றியும் அவன் அப்பாவைப் பற்றியும் கோச்சைப் பற்றியும் பேசுகிறீர்கள். அவனோடு அந்த எட்டு லேனில் ஓடப் போகிற மற்ற ஏழு பேரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான் திருச்சிப் பக்கம். அப்பா மத்திய அரசு வேலை, ஆர்.கே. புரத்தில் குவார்ட்டர்ஸ், பள்ளியெல்லாம் இங்கேதான். 800 மீட்டர் ஓடினேன். ஜூனியர் நேஷனலில் நாலாவது. எனக்கு முன்னால் வந்த ஒரு பெண் பிறகு பாசிடிவ் ஆனாள். முடிவைத் திருத்தி, எனக்கு வெண்கலம் என்று ஒரு கடிதம் வந்தது. கடிதம் வந்தபோது கல்லூரி அட்மிஷன் முடிந்து செமஸ்டரே நடந்துகொண்டிருந்தது. பதக்கம் கூரியரில் வந்தது, அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். மேடையில் நின்றிருந்தால் ஸ்காலர்ஷிப் கமிட்டிக்காரர் ஒருவராவது பார்த்திருப்பார். கூரியரில் வந்த பதக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பெண் மேல் இப்போது கோபம் இல்லை. அவளுக்கும் என் வயதுதான், யாரோ போட்டுவிட்டிருப்பார்கள். அவள் கோச் மேல் இருக்கிறது. தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அவரும் உங்களை மாதிரி இரவு பத்தரை மணிக்கு உட்கார்ந்து "பையன் பெயர் கெடுமே, பெண் பெயர் கெடுமே" என்று யோசித்திருக்கலாம். அவர் யோசனையில் நான் இல்லை.

நரேலா அண்ணா, ஐந்தாவதாக வந்தவனின் நேர்மைக்கு யார் வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். அவன் ஐந்தாவது ஆனதே முன்னால் நாலு பேர் ஊசி போட்டதால்தானே?

கோச் சார், இன்னொன்று. அந்த வயலை எடுத்துக்கொண்டு வந்த சின்னப் பெண் எப்படி இருக்கிறாள்? அவளுக்கு என்ன சொன்னீர்கள்?

—

மாலைநேர கோச்
புதன், இரவு 11:37

"பெரியவங்க விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் தினமும் வருகிறாள். அவன் வார்ம்-அப் செய்வதைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள்.

நீங்கள் கேட்டது நியாயம். என் குழுவிலேயே இன்னொரு 400 மீட்டர் பையன் இருக்கிறான். சங்கம் விகார் பக்கமிருந்து சைக்கிளில் வருகிறான். இவனுக்கு இரண்டு வினாடி பின்னால். அவனும் அதே மீட்டுக்குத்தான் போகிறான்.

—

ரிட்டயர்டு பீட்டி மாஸ்டர்
வியாழன், காலை 6:15

வக்கீல் தம்பி சொன்னது சரி. பெயரை எடுத்தால் காரணத்தோடு எடு, எழுத்தில் எடு.

கூடவே ஒன்று. 2011-ல் நம் பெண்கள் தொடர் ஓட்டக் குழு மாட்டியது. டெல்லி காமன்வெல்த்திலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 4x400 தங்கம் வாங்கிய கூட்டத்திலிருந்து வரிசையாகப் பெயர்கள் வந்தன. உக்ரைன் கோச் யூரி ஒகரோட்னிக்கை வேலையைவிட்டு அனுப்பினார்கள். சீனாவில் வாங்கிய ஜின்செங் மூலிகை மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று பேச்சு. முதலில் ஒரு வருடத் தடை, பிறகு சர்வதேச விளையாட்டு நீதிமன்றம் அதை இரண்டாக்கியது. அப்போது மைதானங்களில் நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் ஜின்செங்கைப் பற்றித்தான். அந்தப் பெண்கள் எதை விழுங்குகிறார்கள் என்று தினமும் பார்த்திருக்க வேண்டியவர்களைப் பற்றி ஒரு வாரத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. கோச் ஒருவரை விமானம் ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது போல.

—

மாலைநேர கோச்
சனி, இரவு 9:20

நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழன் அன்று பையனிடம் தனியாகப் பேசினேன். இந்த மீட்டுக்கு அனுப்பவில்லை, காரணத்தை உன் அப்பாவுக்கு எழுதிக் கொடுக்கிறேன், நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்தால் பயிற்சிக்கு வரலாம், இந்த சீசன் முழுக்கப் போட்டி கிடையாது என்றேன். அழவில்லை, சண்டை போடவில்லை. "அப்பா ஒத்துக்க மாட்டார் சார்" என்றான், அவ்வளவுதான்.

அப்பா வெள்ளியன்று வந்தார். மைதானத்திலேயே சத்தம். உங்களுக்குப் பணம் போதவில்லையா, எவ்வளவு வேண்டும் என்றார். மற்ற கோச்சுகள் தாங்களே ஏற்பாடு செய்து தருகிறார்கள், நீங்கள் செய்து தரவும் இல்லை, செய்பவனை விடவும் மாட்டேன் என்கிறீர்கள் என்றார். கடிதத்தை வாங்காமல் போய்விட்டார். வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன், நீல டிக் வந்திருக்கிறது. பையனை வேறு ஒரு கோச்சிடம் சேர்த்துவிட்டார். அவர் மூலமாக என்ட்ரியும் போகிறது என்று கேள்வி. இந்த மாதம் இரண்டு பெற்றோர் கட்டணத்தை நிறுத்திவிட்டார்கள், "அந்த சார் பசங்க மேலே கேஸ் போடுறார்" என்று பேச்சு பரவியிருக்கிறது.

இன்று மதியம் பையன் மெசேஜ் அனுப்பினான். டாக்டர் நம்பர் வேண்டுமாம். மீட்டிலும் ஓடப் போகிறானாம்.

—

சட்டப்பிரிவு
சனி, இரவு 9:58

ஜிம் ஆளைப் பற்றி நாடாவுக்குத் தகவல் கொடுங்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் ஸ்பீக் அப் தளம் வழியாகவும் கொடுக்கலாம், பெயர் வெளியிடாமல். உங்களிடம் இருக்கும் வயலைப் பத்திரமாக வையுங்கள், யார் எடுத்துக் கொடுத்தது, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள், அந்தச் சின்னப் பெண்ணின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். பையன் மீட்டில் ஓடப் போகிறான் என்பதும் தகவல்தான். தகவல் கொடுப்பது தண்டனை இல்லை, சோதனை செய்யுங்கள் என்பது.

—

கிளினிக் டாக்டர்
சனி, இரவு 10:21

இதில் எனக்கு உடன்பாடில்லை. டாக்டர் நம்பர் கேட்ட அதே வாரத்தில் அவனைப் பற்றித் தகவல் போனால், அவன் என் வாசலை மிதிக்க மாட்டான். அவன் நண்பர்களும் மிதிக்க மாட்டார்கள். ஜிம் ஆளைக் கொடுங்கள், நூறு முறை கொடுங்கள். பையனை விட்டுவிடுங்கள்.

—

நாலாவது இடம்
சனி, இரவு 10:40

அப்போது சைக்கிளில் வருகிற பையன்?

—

கிளினிக் டாக்டர்
சனி, இரவு 10:52

அவனுக்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. என் மேஜைக்கு எதிரில் உட்காருகிறவனுக்குத்தான் நான் டாக்டர்.

—

மாலைநேர கோச்
ஞாயிறு, காலை 5:50

இரண்டு பேரும் சொல்வது சரியாகத்தான் படுகிறது, அதுதான் தூங்க முடியவில்லை. என்ன செய்யப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜிம் ஆளைப் பற்றிய தகவல் இன்றே போகிறது. பையனிடம் வக்கீல் சார் சொன்ன விதியை எடுத்துச் சொல்லப் போகிறேன். தானாகப் போய்ச் சொன்னால் எவ்வளவு குறையும், சோதனையில் மாட்டினால் எவ்வளவு என்று. கூடவே நானும் வருகிறேன் என்பேன். மீட்டுக்கு நாலு நாள் முன்னால் வரை நேரம். அதற்குள் பெயரை வாபஸ் வாங்கினாலும் சரி, நாடாவிடம் போனாலும் சரி. இரண்டும் இல்லை என்றால் எனக்குத் தெரிந்ததை நான் எழுதி அனுப்புவேன், அதையும் அவனிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் செய்ய மாட்டேன்.

டாக்டர், இதனால் அவன் உங்களிடம் வராமல் போகலாம். தெரிந்துதான் செய்கிறேன்.

—

நரேலாக்காரன்
ஞாயிறு, காலை 8:14

பொறி வைக்கிறீர்கள். போகட்டும். அந்த ஜிம் ஆளை மட்டும் விடாதீர்கள், எங்கள் பக்கம் வருபவனும் அதே ஆளாக இருக்கும்.

—

கிளினிக் டாக்டர்
ஞாயிறு, காலை 8:45

கோச் சார், நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். செவ்வாய் காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் வரட்டும், கொழுப்பும் ஹார்மோனும் காலையில்தான் பார்க்க வேண்டும். ஈசிஜி இங்கேயே எடுத்துவிடலாம், எக்கோவுக்கு எழுதித் தருகிறேன். 18 ஆகாததால் பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும், கையெழுத்து வேண்டும். அப்பா வர மாட்டார் என்றால் அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை நீங்கள் சொல்லாதீர்கள், அவனே சொல்லட்டும்.